நீதிபதி நியமனத்தில் அரசியல் எந்த இடத்தில் நுழைகிறது?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்க ஊர் கோர்ட்டுக்கு யார் ஜட்ஜாக வரணும்னு ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. முடிவு பண்ண முடியுமா? ஹைகோர்ட் ஜட்ஜை எல்லாம் கட்சிக்காரங்கதான் போடறாங்கன்னு டீக்கடையில அடிச்சுச் சொல்றாங்களே, அது எவ்வளவு நிஜம்?”

முதல் கேள்விக்குப் பதில்: முடியாதுங்க. இரண்டாவதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. ஒருவரை நீதிபதியாகப் போடுவதில் அரசியல்வாதியின் கை இன்று நேராகப் படுவது குறைவு. போடாமல் வைத்திருப்பதில்தான் அந்தக் கை நீளம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

கீழிருந்து வருவோம். கோபியிலோ பவானியிலோ தாராபுரத்திலோ முன்சீப் கோர்ட்டில் உட்காரும் சிவில் நீதிபதி டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வந்தவர். முதல்நிலைத் தேர்வு ஒன்று. அதைத் தாண்டினால் தலா 100 மதிப்பெண்ணுக்கு நான்கு தாள். ஒன்று மொழிபெயர்ப்பு, மூன்று சட்டம். பிறகு 60 மதிப்பெண்ணுக்கு நேர்முகம். நேர்முகத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் இருப்பார். நீதித்துறைப் பணிக்கான தேர்வில் அவர் சொல்லும் ஆலோசனையைச் சாதாரணமாகத் தள்ளக் கூடாது என்று 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்துக்கு 400, வாய்மொழிக்கு 60 என்கிற கணக்கில் சிபாரிசுக்கு மிஞ்சுகிற இடம் மிகக் கொஞ்சம். இனி வரும் தேர்வுகளுக்கு மூன்று ஆண்டு வக்கீல் தொழில் பார்த்திருக்க வேண்டும் என்று 2025 மே 20 அன்று ஒரு தீர்ப்பும் வந்தது.

நியமன ஆணை ஆளுநர் பெயரில்தான் வரும். ஆனால் அந்த நீதிபதி எந்த ஊருக்குப் போவார், எப்போது மாறுதல், பதவி உயர்வு, லீவு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அரசியலமைப்பின் 235ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில். மாவட்ட அமைச்சர் எஸ்.பி.யை மாற்றச் சொல்லிக் கோட்டைக்குப் போன் போடலாம். முன்சீப்பை மாற்றச் சொல்ல அவருக்குப் போன் நம்பரே கிடையாது.

மாவட்ட நீதிபதி பதவிக்கு மூன்று வழி. பாதி இடம் சீனியாரிட்டியும் தகுதியும் பார்த்துப் பதவி உயர்வு, கால் பங்கு துறைத் தேர்வு, கால் பங்கு வக்கீலாகவோ, நீதித்துறைப் பணியையும் சேர்த்தோ ஏழு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு நேரடித் தேர்வு. இதிலும் ஆளுநர் உயர் நீதிமன்றத்தைக் கேட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். ஆகையால் மாவட்ட கோர்ட் வரைக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கட்சிக்கு வேலை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். புதுசாக ஒரு சப் கோர்ட் திறப்பதில் வேண்டுமானால் உண்டு. அதற்கு அரசாணை வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், கட்டடம் பொதுப்பணித் துறை கட்டித் தர வேண்டும். எந்தத் தாலுக்காவுக்கு முதலில் என்பதில் எம்.எல்.ஏ.க்கள் போட்டி போடுவார்கள். திறப்பு விழாவில் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, உள்ளே உட்காரும் ஆளையும் அவர்தான் கொண்டுவந்தார் என்று ஊர் நம்பிவிடுகிறது.

மாவட்ட அளவில் அரசியல் உண்மையிலேயே குடியிருக்கும் இடம் வேறு: நீதிபதிக்கு எதிரே நின்று அரசுக்காக வாதாடும் மேசை. ஜி.பி. என்கிற அரசு பிளீடர், பி.பி. என்கிற குற்ற வழக்குகளுக்கான அரசு வக்கீல், அவர்களுக்குக் கீழே கூடுதல் பிளீடர்கள். நில எடுப்பு, புறம்போக்கு, கோயில் நிலம், உள்ளாட்சி வழக்கு எல்லாம் ஜி.பி.யிடம். கொலை, கொள்ளை, பாலியல் வழக்கு பி.பி.யிடம். இவர்களைப் போடுவது மாநில அரசு. பி.பி. பதவிக்கு ஏழு ஆண்டு தொழில் வேண்டும், கலெக்டர் மாவட்ட செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும், பட்டியலில் இல்லாதவரைப் போடக் கூடாது என்றெல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொன்னது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18ஆம் பிரிவு. அரசு வக்கீல் பதவி ஆளுங்கட்சி பங்கு போட்டுக்கொள்ளும் சொத்து அல்ல, தகுதி பார்க்க ஒரு முறை வேண்டும் என்று பஞ்சாப் அரசு எதிர் பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்சி மாறினால் கோர்ட் வளாகத்தில் ஜி.பி. அறை வாசலில் பெயர்ப்பலகை மாறும். புதுப் பலகையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் கட்சியின் வக்கீல் அணியில் பார்த்த பெயராக இருக்கும்.

ஒரு வழக்கைக் கெடுக்க பி.பி. தோற்றுக் காட்ட வேண்டியதில்லை. ஜாமீன் மனுவில் “ஆட்சேபணை இல்லை” என்று எழுதினால் போதும். பிறழ் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டால் போதும். விடுதலைத் தீர்ப்பு வந்தால் அரசு மேல்முறையீடு செய்ய 90 நாள் கெடு. அந்த 90 நாளில் கோப்பைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் சென்னைக்கும் இடையே நடக்க விட்டால் போதும். தீர்ப்பில் நீதிபதி பெயர்தான் இருக்கும், வசவும் அவருக்குத்தான் விழும்.

இதற்கு நம் பக்கத்து உதாரணம் கோகுல்ராஜ் சாதி ஆணவக் கொலை வழக்கு. 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. வழக்கு நாமக்கல்லில் நடந்தது. கோகுல்ராஜின் தாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதியைப் போட்டது யார் என்பதல்ல அவர் கேட்டது. அரசுத் தரப்பு வக்கீலை மாற்ற வேண்டும், வழக்கை இந்த ஊரிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும் என்பதே. இரண்டும் நடந்தன. மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச் 8இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, ஐந்து பேர் விடுதலை. ஜெயலலிதா சொத்து வழக்கை 2003இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு மாற்றியபோதும் சிக்கல் இதுதான்: ஆட்சி மாறியதும் சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டு மாற்றிப் பேச, அரசுத் தரப்பு வக்கீல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி தேர்வைப் பற்றிக் கேட்டால் ஏன் பிளீடர் கதை என்று நினைக்கலாம். காரணம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அரசு வக்கீலாக இருப்பது நீதிபதி பதவிக்குப் போகும் வழிகளில் முக்கியமான ஒன்று. தினமும் பல வழக்கில் ஆஜராகிறார், எல்லா நீதிபதிகளும் அவர் வேலையைப் பார்க்கிறார்கள், தீர்ப்புத் தொகுப்புகளில் பெயர் வருகிறது. பவானி பக்கத்துக் காடப்பநல்லூரில் பிறந்து இந்தியாவின் தலைமை நீதிபதியான பி. சதாசிவம் உயர் நீதிமன்றத்தில் அரசு பிளீடர் பொறுப்புகளில் இருந்தவர். ஈரோட்டில் பிறந்து 2021 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதியான எம்.எம். சுந்தரேஷ் 1991 முதல் 1996 வரை அரசு வக்கீல். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. திறமை இல்லாமல் அத்தனை தூரம் போக முடியாது. நான் சொல்ல வருவது, முதல் சல்லடை அரசின் கையில் இருக்கிறது என்பதே. அந்தச் சல்லடையில் விழாத, கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் முப்பது ஆண்டு சிவில் வழக்கு நடத்திய வக்கீலை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பார்க்கவே வாய்ப்பு இல்லை. சட்டப்படி அவருக்கும் தகுதி உண்டு. பரிந்துரைக்கிறவரின் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

இனி உயர் நீதிமன்றம். சென்னைக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 75. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாவட்ட நீதிபதிகளிலிருந்தும் மீதி வக்கீல்களிலிருந்தும் எடுப்பது வழக்கம். ஓர் இடம் காலியாவதற்கு ஆறு மாதம் முன்பே தலைமை நீதிபதி, தமக்கு அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளோடு சேர்ந்து பெயரை எழுத வேண்டும். அந்த மூவர்தான் உயர் நீதிமன்றக் கொலீஜியம். பெயர் முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் போகும், நகல் டெல்லிக்கும் போகும். மாநிலம் ஆறு வாரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொல்ல ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு மத்திய உளவு அமைப்பான ஐ.பி. அந்த ஆளைப் பற்றி விசாரித்து அறிக்கை தரும். சட்ட அமைச்சகம் எல்லாவற்றையும் சேர்த்து உச்ச நீதிமன்றக் கொலீஜியத்துக்கு அனுப்பும். இந்தியத் தலைமை நீதிபதியும் அடுத்த இருவரும் பார்த்துப் பரிந்துரைப்பார்கள். பிறகு சட்ட அமைச்சர், பிரதமர், குடியரசுத் தலைவர்.

இதில் அரசியல் நுழைய மூன்று வாசல். முதலமைச்சரின் கருத்து ஒன்று. அது ஆறு வாரத்தில் அடங்கிவிடும் என்பதால் பலம் குறைவு. ஐ.பி. அறிக்கை இரண்டாவது. அது உள்துறையின் கீழ் இருக்கும் அமைப்பு. வருமானம், நடத்தை, வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பதோடு, எந்தக் கட்சிச் சாய்வு, என்ன பதிவு போட்டார் என்பதும் அதில் வரும். மூன்றாவது, கொலீஜியம் சொன்ன பிறகும் கோப்பை மேசையில் வைத்திருப்பது. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நிஜமான அதிகாரம் மூன்றாவதில்.

ஏன் அப்படி? 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில், தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்தால் போதும், முடிவு அரசுடையது என்றார்கள். 1993இல் அது தலைகீழானது, கொலீஜியம் பிறந்தது. 1998இல் அதன் அளவு முடிவானது: உச்ச நீதிமன்ற நியமனத்துக்குத் தலைமை நீதிபதியோடு நான்கு பேர், உயர் நீதிமன்ற நியமனத்துக்கு இரண்டு பேர். அரசு ஒரு பெயரைத் திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் ஒருமனதாக மறுபடி அதே பெயரைச் சொன்னால் நியமித்தே ஆக வேண்டும். எத்தனை நாளில் என்பதுதான் எழுதப்படவில்லை. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்துப் பார்த்தது: ஐ.பி.க்கு நான்கிலிருந்து ஆறு வாரம், மறுபடி சொன்ன பெயருக்கு மூன்றிலிருந்து நான்கு வாரம். கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பது அதிலும் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இதைக் கண்ணெதிரே பார்த்தோம். வக்கீல் ஆர். ஜான் சத்யன் பெயரைக் கொலீஜியம் 2022 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார், நீட் காரணமாக 2017இல் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவி பற்றிப் பதிவு போட்டார் என்று ஐ.பி. குறிப்பு வந்தது. 2023 ஜனவரி 17இல் கொலீஜியம் இவை தகுதியைப் பாதிக்காது என்று சொல்லி மறுபடி பரிந்துரைத்ததோடு, அன்றைக்குப் பரிந்துரைத்த வேறு பெயர்களுக்கு முன்னால் இவரை நியமிக்க வேண்டும் என்றும் எழுதியது. அதே நாள் பரிந்துரையில் இருந்த விக்டோரியா கௌரி பிப்ரவரி 7இல் பதவியேற்றார். அவர் பாஜக மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர் என்று எதிர்த்துப் போட்ட மனுவை, பதவியேற்பு நடந்த அதே காலையில் உச்ச நீதிமன்றம் தள்ளியது: தகுதி உண்டா என்று மட்டுமே பார்ப்போம், பொருத்தமானவரா என்பது கொலீஜியத்தின் வேலை என்றது. ஜான் சத்யன் பெயர் மார்ச்சிலும் வரவில்லை. முன்னால் சொன்ன பெயர்களை விட்டுப் பின்னால் சொன்னவற்றை எடுத்தால் சீனியாரிட்டி போகிறது, இது கவலைக்குரியது என்று கொலீஜியமே எழுத வேண்டி வந்தது.

பொள்ளாச்சியில் வளர்ந்து, கோவை சட்டக் கல்லூரியில் படித்த கே.வி. விஸ்வநாதன் கோப்பை இதோடு வைத்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்துக்குக் கொலீஜியம் பரிந்துரைத்தது 2023 மே 16. பதவியேற்றது மே 19. அவர் தகுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் காட்ட வருவது வேறு: மனம் வைத்தால் மூன்று நாளில் எல்லாக் கையெழுத்தும் விழும். அப்படியானால் ஓராண்டு கிடக்கும் கோப்பு வேலைப் பளுவால் கிடக்கவில்லை. கீழ்பவானி வாய்க்காலில் கடைமடைக்காரரைக் காயவிட யாரும் கரையை உடைக்க வேண்டியதில்லை, மதகைத் திறக்கும் தேதியைத் தள்ளினால் போதும். அதே கணக்குத்தான் இது.

தள்ளிப்போடுவதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு 62 வயதில். சீனியாரிட்டி பதவியேற்ற நாளிலிருந்து. 48 வயதில் பெயர் பரிந்துரைக்கப்பட்டவருக்கு 51இல் ஆணை வந்தால் பதினான்கு ஆண்டு பதினொன்றாகிறது. பின்னால் பெயர் போனவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கொலீஜியத்தில் இடம் பெறுவதும், வேறு மாநிலத்துக்குத் தலைமை நீதிபதியாவதும், உச்ச நீதிமன்றத்துக்குப் போவதும் இந்த வரிசையைப் பொறுத்தவை. சீனியாரிட்டி மாறாவிட்டால் விஸ்வநாதன் 2030 ஆகஸ்டில் தலைமை நீதிபதியாவார், 2031 மே மாதம் ஓய்வு. தேதிக் கணக்கு அவ்வளவு நுணுக்கம். கோப்பு எத்தனை மாதம் கிடந்தது என்பது பத்து ஆண்டு கழித்துத் தலைமை நாற்காலியில் யார் என்பதைத் தீர்மானிக்கும். தவிர, நல்ல தொழில் இருக்கிற வக்கீல் எத்தனை நாள் காத்திருப்பார்? பெயர் பரிந்துரையான செய்தி வெளியானதும் வழக்கோடு வருகிறவர்கள் புது வழக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். பலர் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். யாரும் மறுக்கவில்லை, ஆனால் ஆள் இல்லை.

பட்டியலைப் பிரிப்பது இதன் இன்னொரு வடிவம். 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கான நான்கு பேர் பட்டியலில் மூத்த வக்கீல் கோபால் சுப்ரமணியம் பெயரை மட்டும் ஒதுக்கி மற்ற மூன்றை அரசு ஏற்றது. அவர் தாமே விலகினார். மாறுதலும் உண்டு. நீதிபதி எஸ். முரளிதரைச் சென்னைக்குத் தலைமை நீதிபதியாக அனுப்பும்படி 2022 செப்டம்பரில் கொலீஜியம் சொன்னது. மாதக்கணக்கில் பதிலே இல்லை. 2023 ஏப்ரலில் கொலீஜியம் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது.

அப்படியானால் கொலீஜியத்தை எடுத்துவிட்டு அரசுக்கே கொடுத்துவிடலாமே என்பார்கள் சிலர். அரசின் கையில் இருந்த காலத்தையும் பார்த்திருக்கிறோம். நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த கேசவானந்த பாரதி தீர்ப்பு 1973 ஏப்ரல் 24இல் வந்தது. மறுநாளே, அதில் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிய மூத்த நீதிபதிகள் ஷேலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். நெருக்கடி நிலையில் எதிர்த் தீர்ப்பு எழுதிய எச்.ஆர். கன்னா 1977இல் தாண்டப்பட்டார். 2014இல் கொண்டுவந்த நியமன ஆணையத்தில் ஆறு பேர்: மூன்று நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள். எந்த இரண்டு பேர் மறுத்தாலும் பெயர் விழும் என்கிற விதிதான் அதைக் கொன்றது. 2015 அக்டோபர் 16இல் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்தானது. தனியாக நின்ற நீதிபதி செலமேஸ்வர் கொலீஜியத்தின் மூடிய கதவைப் பற்றிச் சொன்னது இன்றும் பொருந்தும். 2017 அக்டோபரிலிருந்து தீர்மானங்களை வலைத்தளத்தில் போடுகிறார்கள். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்பதற்கான காரணம் பல தீர்மானங்களில் இருப்பதில்லை. காரணம் எழுதாத இடத்தில் உறவு, சாதி, கட்சி என்று ஊர் தானாக எழுதிக்கொள்ளும்.

கட்சியில் இருந்தவர் என்பதாலேயே நீதிபதி கெட்டவர் ஆகிவிடுவாரா? கேரளக் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் 1957இல் அமைச்சராக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் 1973இல் உச்ச நீதிமன்றம் வந்தார். அவர் தீர்ப்புகளைக் கட்சித் தீர்ப்பு என்று சொல்பவர் குறைவு. மறுபக்கம் பஹாருல் இஸ்லாம்: ராஜ்யசபாவிலிருந்து உயர் நீதிமன்றம், அங்கே ஓய்வுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம், 1983இல் ராஜினாமா செய்து மறுபடி காங்கிரஸ் சார்பில் ராஜ்யசபா. நுழையும்போது எங்கிருந்து வந்தார் என்பதைவிட, வெளியே போகும்போது எங்கே போகிறார் என்பதை நான் அதிகம் பார்ப்பேன். ஓய்வு பெற்ற நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று சட்ட ஆணையம் 1958லேயே எழுதியது. சதாசிவம் 2014 ஏப்ரல் 26இல் ஓய்வு பெற்று செப்டம்பரில் கேரள ஆளுநரானார். அவர் எந்தத் தீர்ப்பையும் அதற்காக எழுதினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நம்ம ஊர்க்காரர் என்று பெருமைப்படுகிறவர்களும் அந்த நான்கு மாதச் சொச்ச இடைவெளி இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்வார்கள். தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்று ராஜ்யசபாவுக்குப் போன ரஞ்சன் கோகோய்க்கும் அந்த இடைவெளி நான்கு மாதம்.

அடுத்த முறை “இவரைக் கட்சிதான் போட்டது” என்று யாராவது சொன்னால், உச்ச நீதிமன்ற வலைத்தளத்தில் கொலீஜியம் தீர்மானத்தின் தேதியையும், சட்ட அமைச்சகத்தின் நீதித்துறைப் பிரிவு வெளியிட்ட நியமன அறிவிப்பின் தேதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே தீர்மானத்தில் இருந்த மற்றவர்களுக்கு எப்போது வந்தது என்று பாருங்கள். ஒரே பட்டியலில் ஒருவருக்கு மூன்று வாரம், ஒருவருக்கு மூன்று ஆண்டு என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. கொலீஜியத்துக்குள் என்ன பேசினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்காது. இறுதித் தீர்மானம் மட்டுமே பொது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்கள் மாவட்டத்தில் கேட்க வேண்டியது வேறு. பத்து ரூபாய் கட்டணத்தில் கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: பி.பி. பதவிக்குத் தயாரித்த பெயர்ப் பட்டியலின் நகல், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்த கடிதத்தின் தேதி, நியமிக்கப்பட்டவர் பெயர் அந்தப் பட்டியலில் எத்தனையாவது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் மழுப்பினாலும் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் போகலாம். கேள்விகளை மூன்றுக்கு மேல் நீட்டாதீர்கள். நீட்டினால் முக்கியமானதை விட்டுவிட்டு மற்றதற்குப் பதில் அனுப்புவார்கள்.